கிராஸ் பட்டியும் கடலைச் சாக்கும்

போன வாரம் என் மகளுக்காக ஒரு தையல் சாமான் வாங்கச் சேலம் கடைவீதிக்குப் போனேன். அதன் பெயரை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போயும், கடைக்காரர் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல், "கழுத்தைச் சுற்றி வரும், சாய்வாக வெட்டினது" என்று என் கழுத்தைச் சுற்றிக் கையால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். குடும்பத்தில் ஏதாவது கஷ்டமா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஓ, கிராஸ் பட்டிங்களா? இப்பல்லாம் ரெடிமேடாவே வருதுங்க" என்று சிவப்புப் பட்டி சுற்றிய ஓர் அட்டையை எடுத்துப் போட்டார்.

பிரித்து, முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இழுத்த இழுப்புக்கு வந்தது. "ஏனுங்க, பிரிச்சா எடுத்துக்கோணுமுங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். மூக்கருகே கொண்டுபோனேன்; புதுத்துணிக் கஞ்சி வாசனை. அதன் பிறகு அவர் மீதிச் சில்லறையை எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தாரோ தெரியாது. நான் யுத்த காலத்துக்குப் போய்விட்டேன்.

யுத்த காலத்துத் துணிக்கு அந்த வாசனைதான். ரேஷன் கார்டுக்குக் கிடைத்த கன்ட்ரோல் துணி பாதி நூல், பாதி கஞ்சி. முதல் துவைப்பில் கஞ்சி போய்விடும். மிஞ்சுவதைக் கட்டிக்கொண்டு நடப்பதைவிட அதை வைத்து ஏரியில் மீன் பிடிக்கலாம். அந்த நாளில் நான் ராசிபுரத்தில் ஒரு நெய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நான் படித்த படிப்புக்கும் நெய்க்கும் சம்பந்தமில்லை. படிப்புக்கு வேலை கொடுக்க ஊரில் ஆள் இல்லை; நெய்க்கு இருந்தது. நாளெல்லாம் உருக்கின நெய்க்கு நடுவில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டி, துண்டு, தலைமயிர் எல்லாம் நெய்யாகிவிடும். சாயங்காலம் சைக்கிளில் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பும்போது தெருநாய்கள் மிகுந்த மரியாதையோடு ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பும். எனக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "மாப்பிள்ளை வந்துட்டாரா, பலகாரந்தான் வந்திருக்குதா?" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டதாக அக்கா ஒரு கதை கட்டி வைத்திருந்தாள். கதைதான் என்று இன்றுவரை நம்பி வருகிறேன்.

அக்காவின் பெயர் பாவாயி. கல்யாணமாகிச் சில வருஷத்தில் மாமா விஷக் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. வெள்ளைச் சேலையோடும் ஒரு கைமெஷினோடும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்த தையல் மெஷின் அது. அவர்கள் வீட்டில் அவள் வாய் திறந்து கேட்டு எடுத்து வந்த பொருள் அது ஒன்றுதான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் புருஷன் போனவளுக்கு வெள்ளைச் சேலைதான். அதற்கு ரவிக்கையும் கிடையாது. அக்கா சேலைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரவிக்கையை மட்டும் விடமாட்டேன் என்று சொல்லித் தானே வெள்ளையில் தைத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா கொஞ்ச காலம் அவளோடு பேசவில்லை. பிறகு நிலக்கடலை பறிப்பு வந்துவிட்டது. பேசாமல் ஒரே காட்டில் கடலை பறிக்க முடியாது.

கடலை என்றதும் சாக்கு. அக்காவின் கை தையல் பழகியது மெஷினில் அல்ல, சாக்கில். கோணூசியும் சணலும் கொண்டு கடலைச் சாக்குத் தைப்பது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. சாக்கு விஷயத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரே சட்டம்: முனைக்கு முனை சேர வேண்டும். வாய் ஒரு விரல் ஏறி இறங்கியிருந்தாலும் பிரிக்கச் சொல்லிவிடுவார். "வாய் கோணுனா மூட்டை கோணும். மூட்டை கோணுனா சந்தையில நம்மளையும் கோணலாத்தான் பாப்பாங்க" என்பார். அக்கா தைத்த சாக்கின் வாயில் மட்டம் வைத்துப் பார்க்கலாம். நான் தைத்த சாக்கில் அப்பா தவிடுகூடக் கட்டமாட்டார்.

மண்டிக்கு டின் சுற்றி வரும் பழைய பத்திரிகைகளைப் படிப்பதுதான் அன்று என் இலக்கியப் பயிற்சி. நெய் குடித்த ஒரு தாளில், பெண்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தையல் டீச்சர்கள் வேண்டும், அதற்குத் தையல் பரீட்சை எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. சும்மா வீட்டில் படித்துக் காட்டினேன். நான் சும்மா செய்கிற காரியங்கள்தான் எப்போதும் வினையாகும். அக்கா மறுநாளே அந்தப் பரீட்சைக்கு எழுதிப் போடு என்றாள்.

"அங்க இங்க போயி உத்தியோகம் பாத்துத்தான் நீ சோறு திங்கோணுமா அம்முணி?" என்றாள் அம்மா. "இந்த ஊட்டுல உனக்கு என்ன கொறை?"

"இப்ப ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள் அக்கா. "நாளைக்கு இவனுக்குக் கண்ணாலமாயி ஒருத்தி வருவா. அப்பறம் அவளுக்கு நான் ஆரு? அவ புள்ளைகளுக்குச் சோறு பெசைஞ்சு ஊட்டிக்கிட்டு, அவ மொகத்தைப் பாத்துக்கிட்டு, கதவோரத்துல நிக்கறவ. அதுக்கு முந்தி நான் ஒரு பக்கம் போயிர்றேன்."

எனக்கு ரோஷம் வந்தது. "என் பொண்டாட்டி அப்படிப்பட்டவ இல்ல" என்றேன்.

"ஆரு, அந்தப் பலகாரம்னு கேட்டவளா?" என்றாள்.

நீங்கள் தையல் தெரிந்தவராக இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சட்டைக் கழுத்து வளைவானது. வளைவில் நேராக வெட்டின பட்டையை வைத்துத் தைத்தால் சுருங்கி மடிந்து அசிங்கமாக நிற்கும். துணியை நீளவாக்கில், பாவின்வழி இழுத்துப் பாருங்கள். எங்கள் அப்பாவைப் போல அசையாது. குறுக்குவாக்கில், ஊடையின்வழி இழுங்கள், அம்மாவைப் போல, கொஞ்சம் முனகிக்கொண்டு இம்மியளவு கொடுக்கும். மூலைக்கு மூலை, சாய்வாக இழுங்கள். யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வரும். அந்தத் துணிதான் நான். அப்படிச் சாய்வாக வெட்டின பட்டைதான் கழுத்தோடு வளைந்து, ஒட்டிக்கொண்டு நிற்கும். கிராஸ் பட்டி என்பது அவ்வளவுதான்.

பரீட்சையில் வெள்ளையில் குழந்தைச் சட்டை ஒன்று தைத்து, அதன் கழுத்துக்கும் கைக்கும் வேறு நிறத்தில் கிராஸ் பட்டி வைக்க வேண்டும். பட்டிக்கான துணியை அவர்களே கொடுப்பார்கள். துணிப் பஞ்சம், ஒரு கைக்குட்டை அளவுதான் கொடுப்பார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அதைத் துண்டு துண்டாகச் சாய்த்து வெட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பட்டி முடிவதற்குள் மணி அடித்துவிடும்.

ஆனால் துண்டு ஒட்டாமல் ஒரே நீளமாக எடுக்க ஒரு வழி இருந்தது. ராசிபுரத்தில் எனக்குச் சட்டை தைத்த டெய்லர் கடையில் அக்கா அதைப் பார்த்தாள். அவர் ஒரு துணியைக் குழாய் மாதிரி தைத்து, இடது கையில் சட்டைக்கை போல மாட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றிக் கத்தரித்தார். வித்தைக்காரன் வாயிலிருந்து காகிதம் வருகிற மாதிரி ஒரே பட்டியாக வந்து விழுந்தது. குழாயை எப்படித் தைத்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, "அத்தச் சொல்லிட்டா அப்பறம் என்ற கடைக்கு ஆரு வருவாங்க?" என்று சிரித்தார். வீடு திரும்பும் வழியில் அக்கா, "அடியில்லாத சாக்குடா அது. அதைப் போயி என்னமோ மந்திரமாட்ட மறைக்கறான்" என்றாள்.

பயிற்சி என் வேட்டிகளில் ஆரம்பமானது. பெட்டியில் வைத்த பழைய வேட்டிகள் முதலில் மூலையை இழந்தன. பிறகு இடுப்பை இழந்தன. துவட்டத் துண்டெடுத்தால் முக்கோணமாக வரும். ஆனால் நெய் ஏறின துணியில் பென்சில் கோடு வழுக்கியது. வெள்ளையில் தையல் எங்கே போகிறதென்றும் தெரியவில்லை. பரீட்சைக்கு நிறத்துணியில் பழக வேண்டும் என்று அக்கா அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கேட்டாள். கிழிந்துபோனதுதான், ஆனாலும் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் கட்டினது.

"செவப்பு உனக்கு எதுக்கு?" என்றாள் அம்மா. கேட்ட பிறகு, கேட்டது அவளுக்கே சுட்டிருக்க வேண்டும்; வேறு பக்கம் பார்த்தாள்.

"கட்டறதுக்கா கேட்டேன்? வெட்டறதுக்குத்தான" என்றாள் அக்கா.

அம்மா சேலையின் ஒரு தலைப்பைக் கிழித்துக் கொண்டுவந்து போட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மண்டி விடுமுறை. அம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றுக் கட்டிலில் படுத்து, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா அந்தச் சிவப்பில் ஒரு சதுரம் எடுத்து, மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு முக்கோணத்தையும் ஒட்டிச் சாய்ந்த நாற்கோணமாக்கி, பட்டை பட்டையாகக் கோடு போட்டாள். பிறகு இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் குழாயாகத் தைத்தாள். முனைக்கு முனை, கோட்டுக்குக் கோடு. அப்பா பார்த்திருந்தால் சந்தைக்கே எடுத்துப் போயிருப்பார். குழாயை இடது கையில் மாட்டிக்கொண்டு கோட்டின்மேல் கத்தரிக்க ஆரம்பித்தாள்.

சுற்றி வந்த கத்தரி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. பட்டி நீளவில்லை. ஒரு சிவப்பு வளையமாகக் கழன்று மணிக்கட்டில் விழுந்தது. தப்பு எங்கே என்று பார்க்காமல் அவள் அடுத்த கோட்டைப் பிடித்தாள். இன்னொரு வளையம். பிறகு இன்னொன்று. கடைசிவரை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

அவள் கை நிறைய வளையல்.

அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அக்காவின் கையைப் பிடித்து, சத்தமில்லாமல், ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மாமா போனபோதும் இந்தக் கையிலிருந்து வளையலை எடுத்தது அம்மாதான். அன்று கல்லில் தட்டி உடைத்தார்கள். இவை உடைகிற ஜாதியில்லை. கழற்றினதை எல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு, "போதுஞ்சாமி, இந்தப் பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கடலை உரிக்கத் தொடங்கினாள்.

அக்கா அழுகிற ரகமில்லை. மிச்சமிருந்த துணியில் மறுபடி வெட்டினாள், கோடு போட்டாள், ஓரம் சேர்த்துக் குண்டூசி குத்தினாள். மறுபடியும் முனைக்கு முனைதான். அவள் கைக்கு வேறு தெரியாது. அந்தக் கையில் அடுத்த வரிசை வளையல் விழப்போகிறது என்பது அம்மாவுக்கு முதுகிலேயே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சடக்கென்று திரும்பி, "வேண்டாம்னு சொல்றனல்ல!" என்று துணியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். அக்கா மறுபக்கத்தை விடவில்லை. குண்டூசிகள் நாலா பக்கமும் தெறித்தன. ஒன்று என்னிடம் வந்தது, கட்டிலைவிட்டு இறங்கினேன்.

அம்மாதான் விட்டாள். அக்கா கோபத்தோடு கைக்கு வந்தபடி ஓரத்தைச் சேர்த்து, தேடிப்பிடித்த ஊசிகளைக் குத்தினாள். இழுத்த இழுப்பில் ஒரு பக்கம் ஒரு பட்டை அகலத்துக்கு நகர்ந்திருந்தது. முதல் கோடு இரண்டாவது கோட்டோடு சேர்ந்திருந்தது. குழாயின் வாயில் மிச்சத்துணி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, வாய் கோணியிருக்குது" என்றேன், அப்பாவின் மகனாக.

"உன்ற வாயை மூடு மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே மெஷினைச் சுற்றினாள்.

காட்டிலிருந்து வந்த அப்பா குழாயைப் பார்த்து, "இந்தச் சாக்கு சந்தைக்கு ஆவாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அக்கா அதைக் கையில் மாட்டிக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த நாக்கிலிருந்து கத்தரிக்க ஆரம்பித்தாள். கத்தரி ஒரு சுற்று வந்தது. புறப்பட்ட இடத்தில் வந்து நிற்கவில்லை. ஒரு பட்டை தள்ளி, அடுத்த கோட்டில் ஏறிக்கொண்டது. மறுபடி சுற்றி வந்தது; மறுபடி அடுத்ததில் ஏறியது. வளையம் விழவில்லை. சிவப்பாக ஒரே பட்டி இறங்கி, தரையைத் தொட்டு, அம்மாவின் முறத்துக்குள் போய் விதைக்கடலைமேல் சுருண்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அக்காவின் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தாள். அது வெறுமையாக இருந்தது. பிறகு பட்டியின் முனையை எடுத்து, நூல் சுற்றுகிற மாதிரித் தன் விரல்களில் சுற்றத் தொடங்கினாள்.

"இன்னும் வருதாடி?"

"வருதுங்கம்மா."

"வரட்டும், வரட்டும்" என்றாள் அம்மா.

பரீட்சை சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ் கரியில் ஓடியது. ஓடியது என்பதும் பெருந்தன்மையாகச் சொல்கிற வார்த்தை. பின்னால் கரியடுப்பைக் கட்டித் தூக்கிக்கொண்டு, மேடு வந்தால் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு நாமே பஸ்ஸைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு. மல்லூர் தாண்டி ஒரு மேட்டில் தள்ளிவிட்டு ஏறினபோது என் வேட்டி கறுப்பாகியிருந்தது. நெய் ஏறின வேட்டி அல்லவா, கரி நன்றாகப் பிடித்திருந்தது. "உன்னை வழியில கண்டவங்க என்னைக் கரிக்கடைக்காரன் அக்காம்பாங்க. அக்கட்ட தள்ளி உக்காரு" என்று அக்கா தன் வெள்ளைச் சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், தங்கள் வீட்டுப் பெண்களை அழைத்து வந்திருந்த மற்ற ஆண்களோடு உட்கார்ந்து, யுத்தத்தை எப்படி நடத்த வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னதுதான் இது.

பட்டித்துணி கொடுத்துக்கொண்டு வந்த பரீட்சைக்கார அம்மாள் எல்லாருக்கும் சிவப்புச் சதுரம் கொடுத்தாராம். அக்காவிடம் வந்ததும் நின்று, சேலையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உனக்கு வெள்ளை தரேம்மா. சங்கடப்படாதே" என்று ஒரு வெள்ளைத்துணியை எடுத்தாராம்.

"நல்லவங்கதான்டா, பாவம். என்ற மனசு நோகக் கூடாதுன்னுதான் குடுத்தாங்க" என்றாள் அக்கா.

"நீ என்ன சொன்ன?"

"எல்லாத்துக்கும் குடுத்ததையே எனக்கும் குடுங்கன்னேன். வெள்ளையில வெள்ளையத் தெச்சா, நான் தெச்சது எப்புடித் தெரியும்? கோணுனாலும் தெரியாது, நல்லா வந்தாலும் தெரியாது. பாவம்னு ஒரு மார்க் போடுவாங்க. அது எனக்கு எதுக்கு?"

அந்த அம்மாள் வெள்ளையை மடித்து வைத்துவிட்டுச் சிவப்பைக் கொடுத்தாராம். அக்கா வாய்கோணலாகக் குழாய் தைத்து, கையில் மாட்டிச் சுற்றிக் கத்தரித்தபோது பக்கத்து மேஜைப் பெண்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போது பஸ் மறுபடி மேட்டில் நின்றது. நான் இறங்கினேன். அன்று யார் உதவியும் இல்லாமல் நானே தள்ளிவிடுவேன் போலிருந்தது.

வீட்டில் அம்மா பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டுவிட்டு, அக்கா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக, "என்ன நெறம் குடுத்தாங்க?" என்றாள்.

"செவப்பு."

அம்மா எழுந்து உள்ளே போனாள். அந்தச் சிவப்புச் சேலையின் மிச்சம் முழுவதையும் மடித்துக் கொண்டுவந்து மெஷினின் மேல் வைத்தாள். "பள்ளிக்கோடத்துப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குத் துணி வேணுமல்லோ" என்றாள். பரீட்சை முடிவு அதற்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அன்றைக்கே வந்துவிட்டது.

வாழப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து அக்கா போனாள். எனக்குக் கல்யாணமாகி ஒருத்தி வந்தபோது, அக்கா கதவோரத்தில் நிற்கவில்லை. விருந்தாளியாக வந்து, பலகாரத்தில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் வாழப்பாடிப் பக்கந்தான் இருக்கிறாள். இந்த ரெடிமேட் பட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். இழுத்துப் பார்த்து, "பரவால்ல. இது இருந்தா எதுக்கு மெனக்கெடறது?" என்று தனக்கு இரண்டு அட்டை வாங்கிவரச் சொன்னாள். எனக்குத்தான் ஏமாற்றம், இவ்வளவு தூரம் பழைய ஞாபகத்தைச் சுமந்துகொண்டு போனவனுக்கு ஒரு பெருமூச்சாவது கொடுத்திருக்கலாம்.

அம்மாவின் அந்தச் சிவப்புச் சேலை இன்று இல்லை. அது நைந்து குப்பைக்குப் போகவில்லை. வாழப்பாடிப் பக்கத்துச் சின்னப் பெண்கள் தைத்துப் பழகின சட்டைகளின் கழுத்தில், பட்டி பட்டியாகச் சாய்ந்தே தீர்ந்துபோனது. கரி பஸ் போயிற்று, கார்டு போயிற்று. முனைக்கு முனை பார்த்த அப்பா போனார். அவருக்குப் பின் அம்மாவும் போனாள்.

அம்மா போன பிறகு ஒருநாள் நானும் அக்காவும் அவளுடைய பெட்டியை இறக்கிப் பார்த்தோம். என்ன தேடுகிறோம் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. பாக்குவெட்டி இருந்தது, பழைய சேலைகள் இருந்தன, விபூதிப் பொட்டலம் இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு போன சிவப்பு வளையங்கள் இல்லை.

அக்கா பெட்டியை மூடினாள். வெறுங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, "எங்க போயிருக்கும்? ஏதாச்சுங் கடலை மூட்டைக்கு வாய் கட்டியிருப்பா" என்றாள்.

அப்படித்தான் இருக்க வேண்டும். சந்தைக்குப் போன மூட்டை எதுவும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.